‘நான் வேன்லயே இருக்கேன்’ என்று சொல்லும் அக்காமாருக்கு

அன்புள்ள அக்காமாரே, பெரியம்மாமாரே, மலையில் வேலை செய்து முட்டி தேய்ந்துபோன அண்ணன்மாரே,

சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை விடுமுறையில், சிகிரியா வாகனத் தரிப்பிடத்தில் மூன்று மணித்தியாலம் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஏறிப் போனார்கள். அங்கே சுமார் 1,200 படி. என் முழங்கால் பன்னிரண்டாவது படியிலேயே ‘போதும் டீச்சர்’ என்று சொல்லிவிடும். ‘நீங்க போயிட்டு வாங்க, நான் வேன்லயே இருக்கேன்’ என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள், தெரியும்.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது இன்னொரு வேனின் பக்கவாட்டு. அதற்குள்ளும் ஓர் அம்மா, மடியில் பிஸ்கட் பக்கெட்டோடு. ஒரு வார்த்தை பேசாமல் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். நானும் என்னுடையதைத் தொட்டுக் காட்டினேன். அவ்வளவுதான் எங்கள் சிகிரியா.

திரும்பும் வழியில்தான் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை. காலையில் போகும்போது, பிரதான வீதியிலிருந்து திரும்பிக் கொஞ்ச தூரத்தில், மரங்களுக்கு மேலே அந்தக் குன்று முழுசாக நின்றது. ‘தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க’ என்றேன். ‘அங்கதானே போறோம் டீச்சர், கிட்டப் போய்ப் பார்க்கலாம்’ என்று வேனை விட்டார் டிரைவர். கிட்டப் போனபிறகு எனக்குத் தெரிந்தது வேனின் பக்கவாட்டு. உச்சிக்கு ஏறினவர்களுக்கும் குன்று தெரியாது, அது அவர்கள் காலடியில் இருக்கிறது. அந்தக் குன்றை முழுசாகப் பார்க்க எனக்குத் தோதான ஒரே இடத்தை நாங்கள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டியிருந்தோம். நான் பார்க்க முடிகிறதைத் தாண்டி, பார்க்க முடியாததுக்குப் போயிருந்தோம், அதுவும் பங்குப் பணம் கட்டி.

அதனால்தான் இந்த மடல். பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கத் தோட்டங்களில் பேர் போட்டு, கொழுந்தெடுத்து, சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுதுகிறேன். பயணம் என்றால் இளசுகளுக்கு என்று நீங்களே முடிவுகட்டி வைத்திருக்கிறீர்கள்.

நம் தலைக்கு மேலே நிற்கும் மலைக்கு நக்கிள்ஸ் என்று பேர். மூடின கையின் விரல் முட்டிகள் மாதிரி இருக்கிறது என்று வெள்ளைக்காரன் வைத்தது. மலைக்கும் முட்டிதான் பேர், நமக்கும் முட்டிதான் கேடு. 2010இல் இந்த மலைத்தொடரை யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து, நாம் கூடையோடு நின்ற சரிவைப் பார்த்து மூச்சை இழுத்து விடுகிறார்கள். என் அம்மா அதே சரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். மூடுபனி விலகும்போது பள்ளத்தாக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். ‘பனி வெலகுனா கங்காணி தெரிவான்’ என்றார்.

படி இறங்கும்போது நம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான சுமை முழங்காலில் விழுகிறதாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைத் தின்கிறது. கொழுந்துக் கூடையோடு நெறுவைக்கு இறங்கி வந்த தடவைகளை யார் எண்ணி வைத்தார்கள்? இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் ‘ஏறணுமா?’ என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ‘எறங்கணுமா?’ என்று கேளுங்கள்.

இன்னொன்று. மரணாதாரச் சங்கத்துக்கு மாதாமாதம் தவறாமல் கட்டுகிறோம். உயிரோடு இருக்கும்போது ஒருநாள் ஊர் பார்க்க ஒரு சங்கம் உண்டா? பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வருஷம் சீட்டுக் கட்டினால் ஒரு வேன் ஐந்து நாளைக்கு ஓடும். கணக்கை நான் எழுதித் தருகிறேன், டீச்சர் வேலையின் புத்தி இன்னும் போகவில்லை.

இனி வழிக்கு வருவோம். பேர்பெற்ற இடங்களை வரிசையாக எழுதி, அவற்றை ரோட்டால் கோர்ப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வேன் கதவு எங்கே திறக்குமோ, அங்கிருந்து என்ன தெரியும் என்று முதலில் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் இந்தத் தீவு நமக்கென்றே பாதை போட்ட மாதிரி இருக்கிறது. கோப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்குவதற்காக மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்ட ரோட்டுகள் இவை. அருவிகளின் முகத்துக்கு நேரே போகின்றன.

முதல் நாள் பன்வில, வத்தேகம, கண்டி, பேராதனை. பூங்காவில் இறங்குவோம், அங்கே தரை சமம். 1821இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர். முழுவதையும் நடக்க நமக்கு வேண்டுதல் இல்லை. வாசலில் பேட்டரி வண்டி கிடைக்குமா என்று கேட்டு, அதில் ஒரு சுற்றுப் போய், அந்தப் பெரிய அத்திமரத்தின் நிழலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டால் போதும். பிறகு கம்பளை, புசல்லாவை. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியத் தொடங்கும். றம்பொடையில் அருவி ரோட்டுக்கே தெரியும், 109 மீட்டர்.

இங்கே ஒரு சூட்சுமம். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடுகிறது, வேனின் இழுவைக் கதவும் இடப்பக்கம். அருவி வலப்பக்கம் இருந்தால் கதவு அருவிக்கு முதுகு காட்டும். நாமோ ரோட்டைக் கடந்து போகமுடியாதவர்கள், அந்த வளைவுகளில் கடக்கவும் கூடாது. ‘தம்பி, கொஞ்சம் முன்னுக்குப் போய்த் திருப்பிக்கிட்டு வந்து நிறுத்துங்க’ என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்துக்குச் சலித்துக்கொள்ளும் டிரைவரை நாம் ஹயருக்குப் பிடிக்கவே கூடாது. லண்டனில் இருக்கும் என் தங்கச்சி முறையான ஒருத்திக்கு அரசாங்கம் ஒரு நீல அட்டை கொடுத்திருக்கிறது. அதைக் காரின் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி வைத்தால் வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாமாம். நமக்கு நீல அட்டை டிரைவர் தம்பிதான்.

முன் சீட்டைப் பற்றியும் இப்போதே பேசி முடிப்போம். அது மருமகனுடைய சீட் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. காலை நீட்டவும் பிடித்து ஏறவும் முன்னே பார்க்கவும் தோதான இடம் அது ஒன்றுதான். யாருக்கு முட்டி அதிகம் மடங்காதோ அவருக்கு அது. பத்துப் பேருக்கும் மடங்காது என்றால் அரைநாளைக்கு ஒருவராக மாறி உட்காருவோம். வேன் படி உயரம், அதனால் தண்ணீர் பட்டாலும் வழுக்காத ஒரு சின்ன ஸ்டூல் சீட்டுக்கடியில் கட்டாயம் கிடக்க வேண்டும். பஸ்ஸில் இதெல்லாம் நடக்காது. ரயிலும் அழகுதான், பதுளைப் பாதையைப்போல் வேறெங்கும் இல்லை. ஆனால் பெட்டியின் படியும் மேடையும் சந்திக்காத நிலையங்களில் நம்மை மூட்டை மாதிரித் தூக்கி ஏற்றுவார்கள். எனக்கு ஒருமுறை அது போதும்.

இரண்டாம் நாள் நுவரெலியா. குதிரைப் பந்தயத் திடல், கிரகரி வாவி எல்லாம் ஜன்னலிலேயே வரும். நான் உங்களைக் கூட்டிப்போக ஆசைப்படுவது பீதுருதாலகாலைக்கு. 2,524 மீட்டர், நாட்டிலேயே உயர்ந்த மலை. மேலே பாதுகாப்புப் படையும் ஒலிபரப்புக் கோபுரங்களும் இருப்பதால் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வாகனத்தில்தான் ஏற வேண்டும். நடந்து ஏற விடமாட்டார்கள். யோசித்துப் பாருங்கள். சிவனொளிபாத மலைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி, உலக முடிவுக்கு ஒன்பது கிலோமீட்டர் சுற்று நடை. எல்லாவற்றையும்விட உயரமான மலையிலோ, நடக்கத் தெரிந்தவனையும் நம்மையும் ஒரே மாதிரி வேனுக்குள் உட்கார வைக்கிறார்கள்! பாதுகாப்பு விஷயம் என்பதால் போகுமுன் எந்த வாகனத்துக்கு அன்று அனுமதி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அட்டையை லயத்தில் விட்டுவிட்டு வந்து வாயிலில் அழாதீர்கள். அங்கே குளிர் எலும்பில் இறங்கும், சித்தாலேப டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் பண்டாரவளைக்குப் போகிற வழியில், சீத்தாஎலியவில் சீதையம்மன் கோயில் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. சந்நிதிக்குப் படி இறங்க வேண்டும். முடிந்தவர் இறங்கட்டும். முடியாதவர் மேலே நின்று கும்பிட்டால் அம்மன் கோவிக்கமாட்டாள், அவளும் ஓரிடத்தில் இருக்கவைக்கப்பட்டவள்தான்.

மூன்றாம், நான்காம் இரவுகள் பண்டாரவளை. ஒரே அறையில் இரண்டு இரவு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். தினமும் பையைக் கட்டி, புதுக் குளியலறையில் புதுப் படியில் தடுக்கி விழுவதற்கு நாம் போகவில்லை. அறை பேசும்போது ‘வசதி இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் வரும். வேன் நிற்கும் இடத்திலிருந்து கட்டில்வரைக்கும் எத்தனை படி, கமோட் உண்டா, குளியலறை வாசலில் வரம்பு எவ்வளவு உயரம் என்று எண்ணிக்கை கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறது என்று சொன்ன ஒரு விடுதியில், லிஃப்டுக்குப் போகவே ஆறு படி ஏறினேன்.

சட்டம் இல்லாமலில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்று 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களில் யாரும் போய்வரக்கூடிய வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை ஏட்டிலேயே கிடப்பதைப் பார்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2011இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று உத்தரவிட்டது. அந்த மனிதர் இப்போது இல்லை. விடுதிக்காரரிடம் படியை எண்ணிக் கேட்கும்போது நாம் பிச்சை கேட்கவில்லை என்பதற்காக இதை எழுதினேன்.

நான்காம் நாள் சுற்றுதான் இந்தப் பயணத்தின் உயிர். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தை. அப்புத்தளையில் மலை ஒரு பக்கம் அறுந்து விழும், தெற்குச் சமவெளி முழுவதும் கீழே கிடக்கும். கொஸ்லந்தை தாண்டினால் தியலும, 220 மீட்டர். நாட்டின் இரண்டாவது உயரமான அருவி, ரோட்டில் நின்று அண்ணாந்தால் போதும். உச்சிக்குப் போய்ப் படமெடுக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விழுகிற அழகு தெரியாது. சிகிரியாக் கதைதான். அங்கிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, எல்ல ரோட்டில் ஏறினால் இராவணன் அருவி, தெறிக்கிற தண்ணீர் கதவைத் திறந்தவுடன் முகத்தில் படும். குரங்குகளுக்குப் பையைக் காட்டாதீர்கள்.

கொஸ்லந்தையில் ஓரிடத்தில் வேனை மெதுவாக விடச் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை இறங்கியது. அது நம் ஆட்களின் லயம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த வீடுகள் மண்ணுக்குள் போயின. அழகான ரோட்டு என்று நாம் பார்த்துக்கொண்டு போகிற சரிவு அதே சரிவு. அதை மறைத்துவிட்டு உங்களைச் சுற்றிக் காட்ட எனக்கு மனசு வராது.

மறக்கத்தான் மலை விடுகிறதா? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோனபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள்தான் மண்சரிவில் அதிகம் இழந்தன. நான் சொல்லும் இந்த வழி அந்த மூன்றுக்குள்ளேயும் போகிறது. ஆகவே, ஐப்பசி கார்த்திகையில் கிளம்பாதீர்கள். தை பிறந்து பங்குனிக்குள் போவது நல்லது. அருவியில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கும், குறையட்டும். கிளம்புகிற காலையில் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் ரோட்டு நிலைமையைக் கேளுங்கள். கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றாலே நான் வீட்டில் பருப்பு வேகவைப்பேன்.

இருட்டில் ஓடவே கூடாது. 2025 மே 11 அதிகாலையில், றம்பொடைக்குக் கிட்ட கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதே வருஷம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய ரோட்டில் இன்னொரு பஸ், பதினைந்து பேர். இரண்டும் நாம் போகிற ரோட்டு. மலைப் பாதையில் மணித்தியாலத்துக்கு முப்பது கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், நான்கு மணிக்கு முன் அறைக்குள் இருக்க வேண்டும். பெல்ட் போட வெட்கப்படாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது பெண்களுக்கு மட்டும், அண்ணன்மார் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். பயணம் என்றால் நாம் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். இறங்கி ஒதுங்க இடம் இருக்காது, இருந்தாலும் குந்த முடியாது, குந்தினால் எழ முடியாது. அதனால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு, ஊருக்குத் திரும்பியதும் கிளினிக். வழியிலுள்ள பெற்றோல் செட்களையும் தேயிலை விற்பனை நிலையங்களையும் டிரைவரோடு முன்கூட்டியே பேசி, கமோட் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்தம் குறியுங்கள். அருவிகளை அவற்றுக்கு நடுவில் பொருத்தலாம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருங்கள், கால் வீக்கம் குறையும். வளைவுக்கு வாந்தி வருகிறவர்கள் ஒரு தேசிக்காயை மூக்கருகில் வைத்திருங்கள்.

ஐந்தாம் நாள் கொஞ்சம் நீளம், அன்று மட்டும் நான்கு மணித்தியாலம் போதாது. பதுளை, மஹியங்கனை. துன்ஹிந்தை அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, அதை விட்டுவிடுவோம். மஹியங்கனைச் சமவெளியில் மகாவலியைத் தாண்டி மேற்கே வந்தால் பதினெட்டு வளைவு. பாதையை அகலமாக்கியபோது ஒரு வளைவு குறைந்துவிட்டது என்பார்கள், பேர் மட்டும் பதினெட்டாகவே நிற்கிறது. ஏற ஏறப் பின்கண்ணாடியில் சமவெளி விரிந்துகொண்டே போகும். ஆகவே இந்த ஒரு ஏற்றத்துக்கு மட்டும் கடைசி சீட்தான் முதல் வகுப்பு. ஹுன்னஸ்கிரிய வந்தால் நம் மலை. தெல்தெனிய, திகன, பிறகு வீடு.

இதெல்லாம் பெரிய திட்டம், சீட்டுப் பணம் சேரட்டும். அதற்கு முன் ஓர் ஒத்திகை பார்ப்போம். வருகிற மாதம் முதல் ஞாயிறு, மழையில்லாவிட்டால், பன்வில டவுனிலிருந்து காலை எட்டு மணிக்கு ஹுலுகங்கைக்கு. நம்மூர் அருவிதான், நம்மில் எத்தனை பேர் வேலைக்கோ சாவுக்கோ போகாமல் அதைப் பார்க்கவென்றே போயிருக்கிறோம்? மகாவலியில் போய்ச் சேருகிற அந்தத் தண்ணீரை ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, பகல் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். பெரியம்மாமார் ஏறி இறங்கிப் பழகவும், டிரைவர் தம்பி திருப்பி நிறுத்திப் பழகவும் அது போதும்.

ஸ்டூலை நான் கொண்டுவருகிறேன். முன் சீட் இந்த முறை, எண்பத்திரண்டு வயதில் இன்னும் ‘நான் வேன்லயே இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு. அடுத்த தடவைகளுக்கான முன் சீட்டைப் பற்றி அன்றைக்கே வேனில் சண்டை பிடிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர்,
பன்வில.